தந்தையைக் காணாது அழுத பிள்ளை



சீகாழிக் குளக்கரையில், நீருள் மூழ்கிய தந்தையைக் காணாது மூன்று வயதுப் பிள்ளை அழுதது. தோணியப்பர் பணிக்க, அம்மை பொற்கிண்ணத்தில் பாலேந்தி, அதிலே ஞானத்தைக் குழைத்து ஊட்டினாள். பசிக்குப் பாலும் அறிவுக்கு ஞானமும் ஒரே கிண்ணத்தில் வந்தன.

இம்மரக்காணக் கரையிலும் தந்தையைக் காணாது அழுத பிள்ளைகள் உண்டு. 2023 மே மாதம், மெத்தனால் கலந்த சாராயம் எக்கியார்குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அரசு குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் அறிவித்தது. ஆயினும் நிதி தந்தையாகுமோ? உழைப்பவன் போன வீட்டைத் தேடிவருபவன் கடன்காரன். அவன் பின்னே வருபவன், முன்பணம் நீட்டிப் பிள்ளையை வேலைக்குக் கேட்பவன். அப்பணமே பிள்ளையின் கால்விலங்கு. கொத்தடிமை முறை 1976 சட்டப்படியும், 14 வயது நிரம்பாதாரைக் கூலிக்கு அமர்த்துதல் 2016 திருத்தச் சட்டப்படியும் குற்றமாகும்.

சட்டம் வாயிலைக் காக்கும். அடுப்பை எரிப்பது நம் கடன். 1956இல் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவும் அம்மையின் கிண்ணம் போன்றதே. விடுமுறை நாளில் அது கவிழ்ந்து கிடக்கின்றது. நம் மடைப்பள்ளி அதனை நிமிர்த்தட்டும். பள்ளிக்கு வாராத பிள்ளையை வீடு சென்று வினவுவோம். துன்புறும் பிள்ளைக்காக 1098 எண்ணுக்கு அறிவிப்போம். அழும் பிள்ளையைக் கடந்து சந்நிதி புகுவார்க்கு அம்மையப்பர் திருமுகம் காட்டுவரோ?

திருச்சிற்றம்பலம்.