காய்ந்த புல்தரைக்கு சிமெண்டுதான் மருந்தா?



கிள்ளானிலோ பூச்சோங்கிலோ ஒரு வரிசை வீட்டு வாசலை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கிய புதிதில் பச்சைப் பசேலென்று இருந்த புல்தரை. இன்று பாதி இடத்தில் செம்மண் தெரிகிறது. மீதி இடத்தில் கோரையும் தொட்டாற்சுருங்கியும் மண்டிக் கிடக்கின்றன. "பேசாமல் சிமெண்டு போட்டுவிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். "துளசியைச் சுற்றியாவது கொஞ்சம் பச்சை இருக்கட்டுமேப்பா" என்கிறார் அவருடைய தாயார். பல தாமான்களில் நடக்கும் விவாதம்தான் இது.

தாயார் பக்கம் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த அடைமழையில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வெள்ளத்திற்கு வீட்டு முற்றங்கள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மண் குடிக்கும் நீரை சிமெண்டு குடிக்காது. தெரு முழுக்க முற்றங்களை மூடிவிட்டால், பெய்த மழை அத்தனையும் ஒரே நேரத்தில் கால்வாய்க்குத்தான் ஓடும். வெயில் நேரத்தில் அதே சிமெண்டு அனலைக் கக்கும்.

சரி, புல் ஏன் சாகிறது? பலர் உரம் போதவில்லை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை மண்ணில்தான் இருக்கிறது. பல வீடமைப்புப் பகுதிகளில் வளமான மேல்மண்ணை அகற்றி, செம்மண்ணைக் கொட்டி, கனரக இயந்திரங்களால் அமுக்கி, அதன்மேல் மெல்லிய புல் விரிப்பைப் பரப்பிவிடுகிறார்கள். வேர் இறங்க வழியில்லை. மழை பெய்த மறுநாள் ஒரு திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள். விரல் நீளம்கூட இறங்கவில்லை என்றால் வேரும் இறங்காது. மழை விட்டு வெகுநேரம் கழித்தும் நீர் தேங்கி நின்றால் வடிகாலைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, இடத்திற்கு ஏற்ற புல். நம் வீடுகளில் அதிகம் காண்பது அகன்ற இலையுள்ள மாட்டுப்புல். அமில மண்ணையும் ஓரளவு நிழலையும் அது தாங்கும். அதனால் மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டியதில்லை. பிள்ளையாருக்கு நாம் சாற்றும் அருகம்புல்லுக்கோ நல்ல வெயில் வேண்டும். அதை மாமர நிழலில் நட்டால் வீண். ஒரு காலத்தில் தோட்டப்புறமாக இருந்த புக்கிட் ஜாலிலில், தேசிய அரங்கத் திடலின் மாட்டுப்புல்லை 2023இல் மாற்றி 'சியோன் சோய்சியா' என்ற புல்லைப் போட்டார்கள். பந்தாட்டத் திடலுக்கு அந்தச் செலவு தகும். குழந்தைகள் ஓடியாடும் வாசலுக்கு மாட்டுப்புல்லே போதும்.

மூன்றாவது, களை. இங்கேதான் கவனம் தேவை. லாலான் புல்லைக் கண்டதும் மருந்தடிக்கும் பழக்கம் தோட்டப்புறத்திலிருந்து நம்மோடு வந்தது. அந்த மருந்தைத் தோளில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்கள் பட்ட பாட்டை தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே 2002இல் அரசாங்கம் பாராகுவாட் மருந்தைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பழைய கொட்டகையில் மிச்சம் இருக்கும் போத்தலை எடுத்து அடிக்கும் எண்ணமே வேண்டாம். சிறிய வாசலுக்குக் கையும் மண்வெட்டியும் போதும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது பிடுங்குங்கள். லாலானுக்கு மண்ணுக்கடியில் ஓடும் தண்டு உண்டு. கோரைக்குக் கிழங்கு உண்டு. ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி முளைக்கும். ஒருநாளில் முடியாது, வாரம் தவறாமல் பிடுங்கினால் ஓயும்.

களை குறைந்ததும் மண்ணுக்கு மூச்சு விடுங்கள். முள்கரண்டி போன்ற தோட்டக் கருவியால் ஒரு சாண் இடைவெளியில் நான்கு அங்குல ஆழம் குத்தி, லேசாக அசைத்து எடுங்கள். மக்கிய உரத்தையும் மணலையும் கலந்து, புல் மூடிவிடாதபடி மெல்லியதாகத் தூவி, துடைப்பத்தால் தள்ளி அந்தத் துளைகளில் இறக்குங்கள். வெறும் திட்டுகளில், பக்கத்தில் செழித்த புல்லின் கொடிகளையே வெட்டி நடலாம். ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். அப்போது நட்டால் நீர் ஊற்றும் வேலை மிச்சம். புதுப்புல் வேர் பிடிக்கும்வரை மிதிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைமழைக்கு முன் உரம் போட்டால் அது கால்வாய்க்குத்தான் போய்ச் சேரும்.

கடைசியாக, வெட்டும் முறை. தோளில் மாட்டும் இயந்திரத்தால் மண் தெரியுமளவு மழித்துவிடுவதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். புல்லுக்கு இலைதான் சமையலறை. ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மாட்டுப்புல்லை இரண்டு அங்குல உயரத்தில் விடுங்கள். நெருக்கமாக வளர்ந்த புல்லே களைக்கு இடம் கொடுக்காது. அதற்காகக் காடாகவும் விட வேண்டாம். உயர்ந்த புல்லுக்குள் மறைந்து கிடக்கும் டின்னிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நிற்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்.

இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. சில மாதப் பொறுமையும் வாரத்தில் ஒரு மணி நேரமும் போதும். பேரப்பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். மணமக்களை வாழ்த்தும்போது ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றச் சொல்கிறோம். வேரூன்ற ஒரு பிடி மண்ணையாவது வாசலில் விட்டுவைப்போம்.