“கரண்ட் வைக்கிறது” கரண்ட் இல்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் பார்த்து முடிச்சாச்சு. இன்னைக்குப் புற்றுநோய்க்குக் “கரண்ட் வைக்கிறது” பற்றிக் கொஞ்சம் பேசணும். நம்ம குழு ஒன்றில் ஓர் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. 25 நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். 12 நாளோடு நின்னுட்டாங்க. “கட்டி அப்படியேதான் இருக்கு, உடம்புதான் போகுது” என்கிறார்.

முதல்ல, அது மின்சாரம் இல்லை. ஷாக் அடிக்காது. கை ஒடிந்தால் படம் எடுக்கிறோமே, அந்த எக்ஸ்ரே வகைக் கதிர்தான். சக்தி பல மடங்கு அதிகம். 1895-ல் ராண்ட்ஜன் என்ற ஜெர்மனி விஞ்ஞானி எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அப்போதைய எக்ஸ்ரே குறைந்த சக்தி உள்ளது. ஆழத்தில் இருக்கிற கட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் மேல்தோல் வெந்துவிடும். ஒரே அளவு கொடுத்தால் குறைந்த சக்தி எக்ஸ்ரேதான் செல்லைக் கொஞ்சம் கூடுதலாகச் சிதைக்கும். ஆனாலும் என்ன, உள்ளே போகாதே! அதனால் இன்றைக்கு அதைத் தோல் புற்று மாதிரி மேலாக இருப்பதற்கும், மார்பகப் பரிசோதனைப் படத்துக்கும் வைத்துக்கொண்டு, கர்ப்பப்பைக்குப் பெரிய மெஷினில் வைக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு இழை முறுக்கின நூல் மாதிரி டி.என்.ஏ. இருக்கு. கதிர் அதை அறுக்குது. ஒரு இழை அறுந்தால் செல் ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் சிரமம். நல்ல செல் மறுநாளைக்குள் பெரும்பாலும் தன்னைச் சரிபண்ணிக்கும். புற்று செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தினம் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது அதற்காகத்தான்.

அடிபட்ட புற்று செல் உடனே சாகிறதில்லை. அடுத்து இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் சாகும். அதற்குச் சில நாள், சில வாரம் ஆகும். 12 நாளில் கட்டி கரையவில்லை என்றால் வைத்தது வீண் என்று அர்த்தமில்லை. நடுவில் விட்டால்தான் ஆபத்து. மிச்சமிருக்கிற செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு, உள்ளே வைக்கிற கரண்டையும் சேர்த்து, எட்டு வாரத்துக்குள் முடிக்கணும் என்பது அதனால்தான்.

பேதி, நீர்க்கடுப்பு, அசதி வரலாம். டாக்டரிடம் சொன்னால் மருந்து தருவார். நீங்களாக நிறுத்தாதீங்க. உடம்பில் போட்ட மைக்கோட்டைத் தேய்த்து அழிக்கக் கூடாது. அந்த இடத்தில் டாக்டரைக் கேட்காமல் மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்தச் சிகிச்சை உண்டு. பஸ் செலவும், போன கூலியும்தான் பலரை நிறுத்துது. அந்த அக்காவுக்கு அவங்க குழு இந்த வாரமே உள்கடன் கொடுக்கலாம், தவணையை அப்புறம் பார்த்துக்கலாம். கூட ஒருத்தர் போய் டாக்டரைப் பார்த்தால், மிச்ச நாளை எப்படி வைக்கிறது என்று அவர் சொல்வார்.

கூட்டத்தில் ஒருத்தர், “கரண்ட் வச்சுட்டு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?” என்று கேட்டாங்க. வெளியே இருந்து மெஷினில் வைக்கிற கதிர் உடம்பில் தங்காது. தாராளமா தூக்கலாம்.