அசதியை வயதின் மேல் போடாதீர்கள்

(மாட்டுங்காவில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது வருஷத்துக்கு மேல் செம்பூரில் வைத்தியம் பார்த்தவள் நான். நம் குடும்பங்களில் அதிகம் கேட்ட வார்த்தை, "டாக்டர், ஒரே அசதியா இருக்கு" என்பதுதான். அதற்கு வீட்டார் சொல்லும் சமாதானமும் எனக்கு மனப்பாடம். அறுபதைத் தாண்டியவருக்கு "வயசாச்சு". ஆபீஸ் போகும் மாட்டுப்பெண்ணுக்கு "லோக்கல் டிரெயின்ல இடிபட்டா அப்படித்தான்". காலேஜ் படிக்கும் பெண்ணுக்கு "சோம்பேறித்தனம்". மூன்றுமே ரத்தத்தைப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்புகள்.

ஒரு நாள் அலைச்சலில் வரும் அசதி, தூங்கி எழுந்தால் போய்விடும். ஓய்வெடுத்தும் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது வேறு விஷயம். ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, முடி கொட்டுவது, நாக்கு எரிவது, பாதத்தில் ஊசி குத்துவது, மறதி என்று இவற்றில் ஏதாவது கூட வந்தால் தாமதிக்கக் கூடாது.

பக்கத்திலேயே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். தாதருக்கு அடுத்த ஸ்டேஷன் பரேல். அங்கே ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்வதற்காக வந்தவர், அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கவனித்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்ததில் நோயாளிகள் தேறினார்கள். 1931-ல் அதைப் பிரசுரித்தார். அதில் வேலை செய்த சத்துதான் பின்னால் ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது. இன்று கர்ப்பிணிகளுக்கெல்லாம் கொடுக்கும் மாத்திரைக்கு மூலம் நம் ஊர்ப் பெண்களின் அசதிதான்.

நம் தட்டைப் பார்ப்போம். கீரை, பருப்பு சாப்பிடுவதால் ஃபோலிக் ஆசிட் நமக்கு ஓரளவு கிடைத்துவிடும். கிடைக்காதது பி12. அது தாவர உணவில் நம்பும்படியாக இல்லை. மாவு புளிக்கிறதே, இட்லியில் இருக்காதா என்று கேட்பார்கள். அதை நம்ப முடியாது. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். கால் லிட்டர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான். காபியில் விடும் பாலும் நீர்மோரும் எந்த மூலைக்கு? சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்குப் பான்டப்ரசோல் என்று வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 இன்னும் குறையலாம்.

தானாகவே டானிக் வாங்கிக் குடிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

அடுத்தது இரும்புச் சத்து. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். நாம் செய்யக்கூடியவை சுலபம். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். அவை இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை, சுண்டல், பயறு இவற்றோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். பயறை முளைகட்டுவது நல்லது. புளி விட்ட பதார்த்தத்தை இரும்பு வாணலியில் செய்தால் நிறம் கறுக்கும். ஆனால் இரும்பு கூடும்.

அசதியெல்லாம் ரத்தசோகை அல்ல. தைராய்டு குறைவு, சர்க்கரை, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு, மனச்சோர்வு எதுவும் காரணமாகலாம். ஆகவே முதலில் ஹீமோகுளோபின், பி12, டிஎஸ்ஹெச், சர்க்கரை பாருங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு என்றால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ ஜுரமோ இருந்தாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

தூக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து, டப்பா கட்ட நாலரைக்கு எழுந்திருக்கும் மாமிகளுக்கு எந்தக் கீரையும் ஈடு செய்யாது. டப்பா கட்டும் வேலையைப் பிள்ளைகளும் மாமாக்களும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். மாலையில் காபியைக் குறையுங்கள். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் அரை மணி நடந்தால் தூக்கமும் நன்றாக வரும்.

முக்கியமாக ஒன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிடுவது நம் வீடுகளில் பெண்களுக்குப் பெருமையாகவே இருந்து வருகிறது. பல வீடுகளில் கறியமுது தீர்ந்த பிறகு ரசமும் மோரும்தான் அவர்களுக்கு. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

தாராவியிலிருந்து நம் அகத்துக்கு வேலைக்கு வரும் அம்மாளும் "தலை சுத்துது" என்று சொன்னால், காபி கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். ஸயன் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வேளை லீவு கொடுத்து, ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வெளியூர் அங்கத்தினர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். இந்த மாதத்துக்குள் வீட்டில் யார் அதிகம் அசதி என்கிறார்களோ, அவரை முதலில் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். யாரும் சொல்லவில்லை என்றால், கடைசியில் சாப்பிடுகிறவரை அழைத்துப் போங்கள்.