புது வீட்டு வளவில் முதல் வசந்தம்

(பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சபைக் குடும்பங்கள் சில கடந்த குளிர்காலத்தில் ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கம் புது வீடுகளுக்குக் குடிபோயிருக்கின்றன. வீட்டு ஜெபத்துக்கு நாங்கள் வந்தபோது வளவு முழுவதும் பனி. இப்போது பனி கரைந்து வெறும் களிமண் தெரிகிறது. "இதில என்ன நடலாம் அக்கா?" என்று பலர் கேட்கிறீர்கள். நான் இந்தியாவில் தாதியர் பயிற்சி பெற்று இந்த நாட்டில் வேலை செய்பவள். ஆகவே தோட்டத்தோடு உடல்நலத்தையும் சேர்த்தே பேசுகிறேன்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவரும் கட்டவேண்டும். யாரும் அங்கிருந்து விழுந்துவிடக் கூடாது. இங்கே நமக்கு மொட்டைமாடி இல்லை, வளவு இருக்கிறது. அதே அக்கறையோடு வளவைப் பார்ப்போம்.

முதலாவது, தண்ணீர். மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். நிலம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடும். இரு வீட்டு மழைநீரும் வடிவதற்காகவே அதை வெட்டியிருக்கிறார்கள். அதை மண் போட்டு நிரப்பாதீர்கள், சீமெந்தும் போடாதீர்கள். நிரப்பினால் தண்ணீர் பக்கத்து வீட்டு பேஸ்மென்டுக்குள் போகலாம். அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கக்கூடும். ஊரில் வேலிச் சண்டையால் முகம் பாராமல் போன குடும்பங்களை நாம் அறிவோம். அந்தச் சண்டையை இங்கே வாய்க்காலில் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது, அலவாங்கைத் தொடுமுன் அறிவித்தல் கொடுங்கள். மரம் நடுவதானாலும் வேலிக்கம்பம் போடுவதானாலும் 'ஒன்ராறியோ வன் கோல்' நிலையத்துக்குக் குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன்பே சொல்லவேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கேட்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. நிலத்தடியில் என்ன போகிறது என்று அவர்கள் ஏற்பாட்டில் குறித்துத் தருவார்கள். பிள்ளைகளே, புல்லில் சின்னக் கொடிகள் நின்றால் பிடுங்காதீர்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், செம்மஞ்சள் தொலைபேசி. அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, மண்ணும் பொறுமையும். புது வீட்டு மண் பெரிய இயந்திரங்கள் ஓடி இறுகிய களி. மேலே நல்ல மண் மெல்லியதாகத்தான் போட்டிருப்பார்கள். மக்கிய உரம் நிறையச் சேர்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை அழுத்திப் பாருங்கள். பிட்டு மா போல, பிடித்தால் சேர்ந்து தொட்டால் உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் இன்னும் சில நாள் காயவிடுங்கள். ஈரக்களியைக் கொத்தினால் கல்லாக இறுகும். மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை விக்ரோறியா நாள் கழிந்து வெளியே நடுங்கள். அதற்கு முன் உறைபனி வரலாம். முருங்கை இங்கத்தைய குளிரைத் தாங்காது. சாடியில் வைத்து, குளிர்காலத்தில் உள்ளே எடுங்கள். மரம் நட வெட்டும் கிடங்கு வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டியின் அளவே போதும்.

நான்காவது, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள். அலரியின் நஞ்சு நமக்குத் தெரியும். அதுபோல 'லில்லி ஒவ் த வலி' என்ற வெள்ளை மணிப்பூச் செடியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ளது. அதில் பின்னர் சிவப்புப் பழமும் வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டும் வேண்டாம்.

கடைசியாக, உண்ணி. ரூஜ் பள்ளத்தாக்கு போன்ற காட்டோரங்களில் லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. வளவு காட்டை ஒட்டியிருந்தால் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். காட்டோரமாக ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சீவல் பரப்புங்கள். விளையாடி வந்ததும் தலைமயிர், காதின் பின்புறம், கமக்கட்டு, முழங்காலின் பின்புறம் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் எண்ணெய் பூசாதீர்கள், நெருப்புக்குச்சி வைக்காதீர்கள். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியரையோ மருந்தாளரையோ கேளுங்கள். தேவையானால் தடுப்பு மருந்து தருவார்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரும் இதை எழுதித் தரலாம்.

இதை முக்கியமாகக் கேளுங்கள். லைம் நோயின் தடிப்பு கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றி மெல்ல மெல்லப் பெருகும். துண்டுப்பிரசுரப் படங்களில் அநேகமாக வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாகவே காட்டுவார்கள். நம் நிறத் தோலில் அது கண்டல் காயம்போலக் கறுத்துத் தெரியலாம், தவறவிடுவது எளிது. சிலருக்குத் தடிப்பே வராது. காய்ச்சல், அசதி, மூட்டுநோ வந்தால், "வளவில் வேலை செய்தேன், உண்ணி கடித்திருக்கலாம்" என்று வைத்தியரிடம் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். அம்மம்மா அப்பப்பாவுக்காகவும் நீங்களே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் இந்த ஒரு வசந்தத்திலேயே முடிக்கத் தேவையில்லை. இந்த வருடம் தண்ணீரின் வழியைப் பார்த்து, ஒரு மரமும் நாலு மிளகாய்க் கன்றும் நட்டால் போதும். உங்கள் வீட்டுக்கும் அயல்வீட்டுக்கும் சமாதானம் உண்டாவதாக.