மருத்துவமனை வாசலுக்கு அப்பால்

(புது தில்லியில் அரசு அலுவலர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் படித்த ஒருவனைப் போதைப் பழக்கம் பற்றிப் பேச அழைத்தால், அவன் கலால் வருவாயிலிருந்து தொடங்குவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் வேறோர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். சமூக நீதி அமைச்சகத்தின் பொருட்டு, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் 2018-இல் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. 2019-இல் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, மதுவால் விளையும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். அபினி வகைப் பொருள்களால் அவதியுறுவோர் சுமார் 77 லட்சம். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

இவ்வெண்களைக் கண்டதும் நிர்வாகியின் மனம் கட்டடங்களை நாடும். படுக்கைகள் வேண்டும் என்போம். வேண்டியவைதாம். ஆனால் படுக்கையில் நடப்பது யாது? பழக்கத்தை நிறுத்தியவுடன் தோன்றும் நடுக்கம், உறக்கமின்மை, சிலருக்கு வரும் வலிப்பு ஆகியவை மருந்தால் தணிக்கப்படுகின்றன. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் உடல் தெளிந்துவிடுகிறது. தெளிந்த மனிதன் பழைய தெருவுக்கே திரும்புகிறான். அங்கே அதே நண்பர்கள், அதே கடன், அதே சம்பள நாள்.

இங்குதான் ஆலோசகரின் பணி தொடங்குகிறது. நம்மிடையே ஆலோசனையை அறிவுரையாகவே பலரும் கொள்கின்றனர். அறிவுரையைத் தாயும் மனைவியும் ஏற்கெனவே வேண்டிய மட்டும் கூறியிருப்பார்கள். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983-இல் எடுத்துரைத்த முறையில், ஆலோசகர் குறைவாகப் பேசுகிறார். ஏன் விட வேண்டும் என்பதை அம்மனிதன் தன் வாயாலேயே சொல்லும் வரை பொறுமையாகக் கேட்கிறார். பிறகு எந்த நாள், எந்த இடம், எந்த மனநிலை தன்னைச் சறுக்கச் செய்கிறது என்பதை இருவரும் கண்டறிந்து, அவ்வேளையில் செய்ய வேண்டியதை முன்கூட்டியே வகுத்துக் கொள்கின்றனர்.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனைத் திட்டம் வகுத்தது. அதைவிட என்னைக் கவர்ந்தது, தஞ்சைத் தரணியின் மஞ்சக்குடியில் அது நடத்திய முகாம்கள். நோயாளியை நகரத்துக்கு அழையாமல், ஊரார் துணையோடு சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டு சென்றார்கள். குடும்பம் உடனிருந்தது, அக்கம்பக்கத்தார் அவனைத் தெளிந்த நிலையில் கண்டனர், பின்தொடர் கவனிப்பும் எளிதாயிற்று. புணேயில் 1986-இல் தோன்றிய முக்தாங்கணும் குறிப்பிடத்தக்கது. 1935-இல் அமெரிக்காவில் பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களில் மீண்டவரே மீள்பவருக்குத் துணை, கட்டணமில்லை. செலவில்லாத சேவையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அறியாமலோ என்னவோ, நம் குறிப்புகளில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை!

ஹெராயினுக்கு ஆட்பட்டோர் நிலை வேறு. அவர்களில் பலருக்கு ப்யூப்ரெநார்பின் அல்லது மெதடோன் மருந்தை நீண்ட காலம் மேற்பார்வையில் அளிக்க வேண்டியுள்ளது. தலைநகரின் திரிலோக்புரி போன்ற குடியிருப்புகளில் மேற்சொன்ன மையம் இத்தகைய பணியை மக்களிடையே செய்து வந்திருக்கிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்று கேட்பவர் அதிகாரிகளிலும் உண்டு. நீரிழிவு நோயாளிக்கு நாள்தோறும் இன்சுலின் தருவதை எவரும் அவ்வாறு கேட்பதில்லை. ஊசியைப் பகிர்ந்து எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகாமல் ஒருவர் வேலைக்குச் செல்வாராயின், அதுவே பெரும் ஆதாயம்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு பொருள் தொடர்பான குற்றத்துக்கு ஆளான அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்குகிறது. சங்கிலியால் பிணைப்பதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் பூட்டிய அறைகள் இருப்பின், அவற்றைத் திறக்கச் செய்யும் கடமை இங்குள்ள இளம் அலுவலர்களில் சிலருக்கு நாளை வரும்.

இறுதியாக, என் துறை சார்ந்த ஒரு குறை. பல ஆண்டுகள் மானியக் கோப்புகளைப் பார்த்தவன் நான். படிவத்தில் சேர்க்கப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர் என இரு பத்திகளே இருந்தன. ஒரே மனிதன் மூன்று முறை சேர்ந்து மூன்று முறை வெளியேறினால், மூன்று பயனாளிகள்! நானும் கையொப்பமிட்டேன். மானியம் தாமதமானபோது முதலில் விலகியவர் ஆலோசகரே. அவரிடம் மனம் திறந்த நோயாளிகள் புதியவரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. ஓராண்டுக்குப் பின்னும் தொடர்பில் இருப்போர் எத்தனை பேர் என்றொரு பத்தியையும், ஆலோசகர் எத்தனை மாதங்களாகப் பணியில் உள்ளார் என்றொரு பத்தியையும் சேர்க்குமாறு பரிந்துரைத்திருக்கிறேன். அலுவலர்கள் விரும்பினால், அதன் வரைவைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெற்றுக் கொள்ளலாம்.