ஏகாரில் வளராத கிருமி



ஆய்வுகூடங்களில் பணிபுரியும் எங்களை விஞ்ஞானம் பற்றிப் பேசும்படி கேட்டபோது, நம்மூர்க் குளங்களே நினைவுக்கு வந்தன. படுவான்கரையிலே வயல்வேலை முடிந்து, மாடு இறங்கும் குளத்திலேயே குளித்துவிட்டு வருவது நாமெல்லாம் அறிந்த வழக்கம். அத்தகைய நீரிற் குளிப்பவர்களில் சிலருக்கு மூக்கினுள் சிவந்த சதை வளர்கிறது. அதன்மேல் வெண்புள்ளிகள் இருக்கும். தொட்டால் இரத்தம் வரும். நோயின் பெயர் றைனோஸ்போரிடியோசிஸ். உலகிலே இது மிகுதியாகக் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலுந்தான். வெட்கத்தால் மறைத்து வைக்கும் பெண்பிள்ளைகளும் உண்டு.

1900இல் ஆர்ஜென்டீனாவின் கில்லேர்மோ சீபர் இக்கிருமியை விவரித்தார். நெடுங்காலம் பங்கசு என்றே எண்ணினார்கள். மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கே இது உறவு என்று 1999இல் மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. குலம் மாறியது, சிக்கல் மாறவில்லை.

ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பங்கசு 25 பாகை செல்சியசில் இழையாக வளரும். இரத்தம் கலந்த ஊடகத்தில் 37 பாகையில் வைத்தால், நோயாளியின் உடம்பில் எடுக்கும் மதுவ உருவை எடுத்துவிடும். கொக்சிடியோயிடிசுக்கு இன்னும் கூடிய வெப்பமும் காபனீரொட்சைட்டும் வேண்டும், ஆனாலும் வளரும். நம் கிருமியோ எந்த ஏகாரிலும் வளர்வதில்லை. 1986இல் அமெரிக்காவில் ஒரு நாயின் மூக்குச் சதையிலிருந்து எடுத்து, மேலணிக் கலங்களோடு வளர்த்ததாக அறிவித்தார்கள். அவ்வழி நிலைக்கவில்லை.

வளராத கிருமிமீது மருந்தைச் சோதிப்பது எப்படி? பேராதனையில் பேராசிரியர் அரசகுலரத்னவின் குழுவினர், உயிருள்ள வித்திகளில் ஊதாநிறம் தரும் சாயத்தைக் கொண்டு கிருமிநாசினிகளைச் சோதித்தார்கள். கெட்டித்தனமான வழி என்போம். ஆனாலும் வைத்தியர்கள் இன்றும் சதையை வெட்டி, அடியைச் சுட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மீண்டும் முளைக்கிறது. தப்சோனும் கொடுப்பதுண்டு. அது தொழுநோய் மருந்து. வாவியிலுள்ள மாந்தீவு ஆசுப்பத்திரியை அறிந்த நமக்குப் புதிதல்ல. தொழுநோய்க் கிருமியும் ஏகாரில் வளராததே. 1960இல் அதை எலியின் பாதத்தில் பெருக்கிக் காட்டிய பின்புதான் மருந்துகளை ஒழுங்காகச் சோதிக்க முடிந்தது. நம் கிருமிக்கு அப்படியொரு பாதம் இன்னும் அகப்படவில்லை.

சத்திரசிகிச்சைக் கூடங்களில் பணிபுரியும் தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறோம். வெட்டிய சதை முழுவதையும் போமலினில் இட்டால் கிருமி செத்துப்போகும். வைத்தியரும் நோயாளியும் சம்மதித்தால், ஒரு சிறு துண்டைக் கிருமியழித்த உப்புநீரில் இட்டு, அன்றைக்கே நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.