விருந்தோம்பலும் ஒரு கல்வியே

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நாம், பிள்ளைகளுக்கு எழுத்து வேலையே உத்தமம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஹோட்டல் உத்தியோகம் என்றால் எச்சில் தட்டு எடுப்பதுதான் என்ற இளக்காரம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை.

விடுதி என்பது இரவும் பகலும் விழித்திருக்கும் இடம். சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு ஆகிய நான்கிலும் வேளைக்கு வேளை ஆள் வேண்டும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் விடுதிகள் மூடப்பட்டபோது ஊர் திரும்பியோரிற் பலர் மீண்டும் வரவில்லை. தேர்ந்த கைகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது.

இதற்குரிய கல்வி நமக்கு எட்டாததன்று. மும்பையில் மாதுங்காத் தமிழர்க்கு அணித்தே, தாதரில், 1954இல் தோன்றிய ஹோட்டல் நிர்வாகக் கல்லூரி இருக்கிறது. தில்லியில் கரோல்பாக்வாசிகளுக்குப் பூசா கல்லூரி அருகே உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியோர் நுழைவுத் தேர்வெழுதிப் பட்டப்படிப்பிற் சேரலாம். குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சிகளும் உண்டு.

நம் மெஸ்களில் தோசைக்கல்லருகே இருபதாண்டு நின்றவர், கைப்பக்குவம் இருந்தும் சான்றிதழ் இன்மையால், பெரிய விடுதியின் வாசலில் தயங்குகிறார். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், தொழில் தெரிந்தோரைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடும் இடம்பெற்றது.

தீபாவளியன்றும் வேலை உண்டு. நெடுநேரம் நிற்கவும் வேண்டும். இவற்றை மறைக்காமற் சொல்லி, விருப்பமுள்ள பிள்ளைகளை மனமுவந்து அனுப்புவோமாக. விருந்தோம்பலை அறமெனப் போற்றும் நாம், அதனைத் தொழிலாகக் கொள்வோரை இகழலாகாது.